தேக்சா மூடியின் நாலு நொடி

பத்து கிலோ அரிசி வேகும் தேக்சாவின் மூடியைக் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பிரியாணி வீட்டில் மூடியை எப்போது திறப்பார்கள் என்பதில்தான் எல்லார் கண்ணும் இருக்கும், தட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை. சுராயா தட்டிப் பார்த்தவள். ஓரத்தில் தட்டினால் வெறும் தகர ஓசை. நடுவில் தட்டினால் மொண்ணையாக அமுங்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே தட்டினால் 'டங்' என்று எழும்பி, 'ஊம்ம்ம்' என்று நீண்டு, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் காற்றோடு போகும். மொத்தம் நாலு நொடி. அந்த நாலு நொடி அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை அவளுடையது. சரியாகச் சொன்னால் அவள் புருஷன் இத்ரீஸுடையது. ஏற்றுவது, இறக்குவது, வண்டி ஓட்டுவது எல்லாம் அவன். போன் எடுப்பது, பேரம் பேசுவது, பாத்திரத்தை நெளித்துக்கொண்டு வருகிறவர்களோடு வாய்ச்சண்டை போடுவது எல்லாம் சுராயா. இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் உண்டு. இத்ரீஸுக்குப் பேச்சு திக்கும். அதிலும் 'ச'வில் ஆரம்பிக்கிற வார்த்தை என்றால் போச்சு, வாசலைத் தாண்டாமல் நின்றுவிடும். கட்டிக்கொண்டவளின் பேரே அந்த எழுத்தில் ஆரம்பித்தது அவன் கெட்ட நேரம். கல்யாணம் ஆன நாளிலிருந்து "இந்தாம்மா" என்றுதான் கூப்பிடுகிறான்.

ஒரே ஒரு இடத்தில் அவனுக்குத் திக்காது. கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனில், பெரிய தேக்சாவுக்குள் தலையை விட்டுப் பேசினால் சொந்தக் குரலே எதிரிலிருந்து கூட வந்து பேசும், வார்த்தை வழுக்கிக்கொண்டு வரும். பள்ளிவாசல் ஜமாத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தால், முந்தின நாளே குடோன் கதவைச் சாத்திக்கொண்டு தேக்சாவிடம் சொல்லிப் பழகுவான். அந்த நேரத்தில் சுராயா அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டாள். தற்செயலாகக் காதில் விழுந்தாலும் விழுந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். இதை அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாகவே வந்த மரியாதை.

இந்தக் கடைக்குத்தான் ஒரு நாள் ஜெசிந்தா வந்தாள். மாமல்லபுரத்தில் சிற்பிகள் தெருவுக்குப் பக்கத்தில் நாலு அறை வைத்து விடுதி நடத்துகிறவள். வாடகைக்கு எடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், எண்ணிக் கொடுப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கரண்டியாகத் தட்டித் தட்டி அதன் பக்கத்தில் போனை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்றீங்க? ஓட்டை கீதான்னு பாக்கறீங்களா?"

"இல்லக்கா, சத்தம் எடுக்கறேன். இத வெச்சி மியூசிக் பண்ணுவோம்."

"கரண்டிலயா?"

"கரண்டி, மோட்டாரு, ரயில்வே கேட்டு, கல்லு அறுக்கற மெஷினு. எது கெடச்சாலும்."

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் சுராயாவுக்கு. மகன் ஜைத் கல்லூரி விடுதிக்குப் போகும்போது விட்டுச்சென்ற பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்தாள். ஒரு சத்தத்திலிருந்து நாலைந்து நொடியை எடுத்து, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும்படி சுற்றவிட்டால் அது ஒரு லூப். அதன்மேல் இன்னொரு லூப், அதற்கும் மேல் இன்னொன்று. கேட்கக் கேட்க, கரண்டி கரண்டியாக இருக்காது, மோட்டார் மோட்டாராக இருக்காது. மனசு எங்கேயோ போய்விடும். கடையில் பகல் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஜெசிந்தாவின் கூட்டம் மொத்தமே அஞ்சு பேர். எல்லாரும் தங்கள் லூப்புகளை இணையத்தில் ஒரு பொது இடத்தில் போட்டு வைப்பார்கள். அதற்கு உண்டியல் என்று பெயர். இந்த உண்டியலில் போடவும் செய்யலாம், எடுக்கவும் செய்யலாம். ஒருவர் போட்டதை இன்னொருவர் நீட்டலாம், குறுக்கலாம், தலைகீழாக ஓட்டலாம். சட்டம் ஒன்றே ஒன்றுதான். போட்டவர் பேர் இருக்கக் கூடாது, அது என்ன சத்தம் என்றும் சொல்லக் கூடாது, யாரும் கேட்கவும் கூடாது. என்ன சத்தம் என்று தெரிந்துவிட்டால் காது சோம்பேறியாகிவிடும் என்பது தீனதயாளன் கட்சி. அணுபுரம் குடியிருப்பில் இருக்கும் இந்தத் தீனதயாளன்தான் கூட்டத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜெசிந்தாவின் மொட்டை மாடியில் இரண்டு ஸ்பீக்கரை வைத்து, உண்டியலில் விழுந்ததை எல்லாம் அவன் ஒன்றாகக் கோத்து ஓட்டுவான். விடுதியில் தங்கியிருக்கிறவர்கள், தெருக்காரர்கள் என்று முப்பது பேர் சேர்ந்தால் அது பெரிய கூட்டம். சிலர் பாதியில் எழுந்து போவார்கள். அதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இதில் வீட்டுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் சுராயா ஒளித்தாள். முதல் தடவை கிளம்பியபோது, எங்கே என்று இத்ரீஸ் புருவத்தை உயர்த்தினான். கரண்டிச் சத்தத்தைச் சுற்றவிட்டுக் கேட்கப் போகிறேன் என்று, கல்லூரிக்குப் போகிற பிள்ளையை வைத்திருக்கிற ஒரு பொம்பளை எந்த வாயால் சொல்வது? "நெம்மேலிக்கு, மலீஹா வூட்டுக்கு" என்று வந்துவிட்டது. மலீஹா அவள் தங்கை. அடுத்த மாதமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த மாதம் மாற்றிச் சொன்னால் முன்னே சொன்னது பொய் என்று ஆகிவிடுமே. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இத்ரீஸ் ஒவ்வொரு தடவையும் "ம்" என்பான். அந்த 'ம்' சம்மதமா, சந்தேகமா, சலிப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு மூடியில் எந்த இடத்தில் தட்டினால் எந்தச் சத்தம் வரும் என்று ஆராய்கிறவளுக்கு, வீட்டில் இருக்கிற ஒரு 'ம்' பிடிபடவில்லை, கொடுமையைப் பாருங்கள்.

மூடிச் சத்தம் எடுத்த அன்று மதியம் கடையில் ஆள் இல்லை. போனைப் பதிவில் போட்டு, பெரிய தேக்சாவுக்குள் ஒரு துணிமேல் வைத்து, மூடியை முக்கால்வாசி சாத்தி, ஒரே ஒரு தட்டு தட்டினாள். கும்மென்று வந்தது. அடுத்த தட்டுக்குக் கையை ஓங்குவதற்குள் வாசலில் ஒரு பார்ட்டி வந்து கூப்பிட, போனை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஜமுக்காளத்துக்கும் நாற்காலிக்கும் பேரம் பேசி அனுப்பிவிட்டு வந்தபோது இத்ரீஸ் குடோனிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எதையோ எதிர்பார்ப்பதுபோல நின்றான்.

"டீ சொல்லட்டா?" என்றாள் சுராயா.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அவள் போனை எடுத்தாள். அன்று சாயங்காலமே அந்த ஒரு தட்டை நாலு நொடிக்கு வெட்டி உண்டியலில் போட்டாள். போனில் இடம் இல்லை என்று மூலப் பதிவை அழித்தும் விட்டாள். மீதியைக் கேட்கவில்லை. வேண்டிய சத்தம் கிடைத்துவிட்டால் மீதியைக் கேட்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

வெட்டினாள் என்று சொன்னேன் இல்லையா, அங்கேதான் வினை. அவர்கள் பயன்படுத்தும் அந்த ஆப்பில் வெட்டுவது என்றால் வெட்டுவது ஆகாது, மடித்து வைப்பதுதான். நீளமான பேண்ட்டை மடித்துத் தைக்கிறோமே, அதுபோல. பார்க்கக் குட்டையாகத் தெரியும், தையலைப் பிரித்தால் துணி முழுசாக உள்ளே இருக்கும். உண்டியலில் போடுவதற்கு முன்னால் 'ஒட்ட வெட்டு' என்று இன்னொரு பொத்தானை அழுத்தினால்தான் மீதி போகும். அழுத்தாவிட்டால், யார் வேண்டுமானாலும் ஓரத்தைப் பிடித்து இழுத்து மடிப்பைப் பிரித்துக் கேட்கலாம். சுராயா அன்று அந்தப் பொத்தானை அழுத்த மறந்தாள்.

மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தீனதயாளனிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது, சுராயா மதியம்தான் பார்த்தாள். "அக்கா, அந்த மூடி உன்னுதுதானே? மடிப்பப் பிரிச்சேன். உள்ள ஒரு ஆம்பளைக் குரல் கீது. தேக்சாக்குள்ள செமையா கேக்குது."

சுராயா அதை இரண்டு தடவை படித்தாள். அவர்கள் குடோனில் ஆம்பளைக் குரல் என்றால் வேறு யார் குரல்? மூடிச் சத்தம் எடுத்த வாரம் ஜமாத் கூட்டம் வேறு இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, எந்தக் காதும் பக்கத்தில் இல்லை என்று நம்பி அவன் பேசிப் பழகியது அத்தனையும் அதில் இருக்கும். இத்தனை வருஷமாகக் கட்டியவளே காதைப் பொத்திக்கொண்டு போன பேச்சு. அதை அவள் கையாலேயே கொண்டுபோய் நாலு பேருக்கு முன்னால் வைத்திருக்கிறாள்.

உடனே தீனதயாளனைக் கூப்பிட்டாள். போன் அணைத்திருந்தது. அணுமின் நிலைய வேலைக்குப் போகும்போது கேட்டிலேயே போனைக் கொடுத்துவிட்டுப் போகிறவன் அவன், ஷிப்ட் முடியாமல் கிடைக்க மாட்டான். உண்டியலைத் திறந்து பார்த்தாள். மூடி லூப் இருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. யாரோ அதை ஒட்ட வெட்டி வைத்துவிட்டார்கள். மீதி எங்கே போயிற்று, யார் எடுத்தது, ஒன்றும் தெரியவில்லை.

அதற்குக் கீழே புதிதாக ஒரு லூப் விழுந்திருந்தது. அழுத்தினாள்.

த்-த்-த்-த்... த்-த்-த்... தா.

மறுபடி. த்-த்-த்-த்... த்-த்-த்... தா.

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டாள். ஒரு வார்த்தை தொண்டைக்குள் நின்று முட்டுகிற சத்தம் அது. அவளுக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? நிக்காஹ் அன்று சம்மதம் சொல்லவேண்டிய இடத்தில் இத்ரீஸுக்கு வார்த்தை நின்றுவிட்டது. ஆண்கள் பக்கம் பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் அந்தச் சிரிப்பைக் கேட்டாள். அதற்கப்புறம் இத்ரீஸ் எந்த மேடையிலும் ஏறியதில்லை. இப்போது அந்தத் திக்கலை எடுத்துச் சுற்றவிட்டிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் போடுவார்கள், கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். இவர்களுக்குச் சிக்கிக்கொண்டு திணறுகிற சத்தம் என்றால் உயிர். அவளுக்கும்தான். இது யாரோ ஒருவன் குரலாக இருந்திருந்தால் அவளே எடுத்திருப்பாள். அதை நினைக்கத்தான் அவளுக்குக் கூசியது.

கூட்டத்தில் யாரிடமும் கேட்கவும் வழியில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். மறுநாள் தீனதயாளனிடமிருந்து பதில் வந்தது. "ஞாயித்துக்கெழம நேர்ல சொல்றேன்க்கா. பயப்படாத." பயப்படாதே என்று ஒருத்தன் சொன்னபிறகு பயப்படாமல் இருக்க முடியுமா? அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு, சாப்பிட்டு எழுந்த இத்ரீஸ் கையைத் துடைத்தபடி சொன்னான்.

"நா-நாளைக்கு நான் மாமல்லபுரம் போறேன். ம-மண்டபத்துல பாத்திரம் எடுக்கணும். வண்டிலயே வந்துடு. நெ-நெம்மேலிக்கு அங்கேந்து பஸ் புடிச்சிக்கலாம்."

சுராயா சரி என்றாள். வேறு என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் குட்டி யானை வண்டியில் கிளம்பினார்கள். காலியான பின்பக்கத்தில் தார்ப்பாய் படபடத்துக்கொண்டு வந்தது. இத்ரீஸ் வழக்கத்தைவிட அமைதியாக ஓட்டினான். திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறைத்து, தொண்டையைச் செருமினான்.

"அ-அன்னிக்கு கு-குடோன்ல..."

"கயிறு எடுத்தீங்களா? போன தடவ அடுக்கு உருண்டுச்சே," என்றாள் சுராயா அவசரமாக. குடோன் பேச்சே வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு.

"ம்," என்றான் அவன். வண்டியின் வேகத்தைக் கூட்டினான்.

மாமல்லபுரத்துக்குள் நுழைந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் வண்டி சிற்பிகள் தெருப் பக்கம் திரும்பியது. கல் அறுக்கிற மெஷின்கள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. ஜெசிந்தா வீட்டுச் சந்து முனையில் இத்ரீஸ் வண்டியை நிறுத்தினான்.

"பஸ் ஸ்டாண்டு அந்தாண்ட கீதே?"

"இ-இங்கியே எறங்கிக்க." அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அவள் இறங்கினாள். வண்டி மண்டபத்துப் பக்கம் போயிற்று. நடக்கிற தூரம் மிச்சம் என்று மட்டும்தான் அப்போது அவளுக்குத் தோன்றியது. மாடிப்படி ஏறும்போதே மேலேயிருந்து அந்தச் சத்தம் காதில் விழுந்தது. த்-த்-த்-த்... த்-த்-த்... தா. ஸ்பீக்கரில், தெருமுனை வரைக்கும் கேட்கும்படி.

"நிறுத்து ஜெசிந்தா. மொதல்ல அத்த நிறுத்து."

ஒயரோடு நின்றுகொண்டிருந்த ஜெசிந்தா திடுக்கிட்டு அணைத்தாள். "இன்னாக்கா ஆச்சி?"

"இது யாரு குரலு?"

"அக்கா, சட்டம்..."

"சட்டம் கெடக்குது. யாரு குரலுன்னு சொல்லு."

"குரலா?" ஜெசிந்தா திருதிருவென்று விழித்தாள். "எங்க வூட்டு மோட்டாருக்கா அது. காத்து புடிச்சிக்கினு தண்ணி ஏறாம முக்கிக்கினு கீது. பிளம்பர் வரதுக்குள்ள எடுத்துடலாம்னு எடுத்தேன்."

சுராயா நம்பவில்லை. ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துத் தொட்டிப் பக்கம் இழுத்துப்போய் சுவிட்சைப் போட்டாள். கீழே மோட்டார் இரும, மேலே குழாய் 'த்-த்-த்-த்' என்று திணறி, 'தா' என்று ஒரு வாய் தண்ணீரைத் துப்பியது. சுராயா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தொட்டியோரம் அப்படியே தரையில் உட்கார்ந்து, அல்ஹம்துலில்லாஹ் என்று முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. போன உயிர் திரும்பி வந்தவளுக்கு வேறு என்ன வரும்?

"சட்டத்த மீறுனதுக்கு எல்லாருக்கும் டீ உங்க செலவு," என்றாள் ஜெசிந்தா.

ஆனால் மடிப்புக்குள் இருந்த குரல் மிச்சம் இருந்ததே. தீனதயாளன் பையை மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்ததும் அவனைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எவ்ளோடா கேட்ட? யாரெல்லாம் கேட்டாங்க?"

"நான் மட்டும்தான்க்கா. மெசேஜ் போட்டப்ப ஒரு வார்த்ததான் கேட்டிருந்தேன். நல்லா கீதேன்னு இன்னும் ரெண்டு வரி ஓடவிட்டேன். அப்பறம் இது நாம கேக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டேன். உண்டியல்ல ஒட்ட வெட்டி வெச்சதும் நான்தான்."

"அவருக்குப் பேச்சு திக்கும்டா. பள்ளிவாசல்ல பேசறதுக்குப் பழகிக்கினு இருந்திருப்பாரு. யாருகிட்டயும் சொல்லிடாத."

தீனதயாளன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "பழகலக்கா. உன் பேரச் சொல்லித்தான் ஆரம்பிக்கறாரு. போன் ஓடுதுன்னு தெரிஞ்சேதான் பேசறாரு. உனக்குச் சொன்னது அது. நீ கேக்கலியா?"

"நாலு நொடிதான் கேட்டேன்," என்றாள் சுராயா.

அவன் லேப்டாப்பைத் திறந்து படியில் வைத்து, ஹெட்போனை அவள் கையில் கொடுத்தான். "இதுல முழுசா கீது. கேட்டுட்டு நீயே அழிச்சிடு," என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான்.

மூடி 'டங்' என்றது. ஊம்ம்ம் என்று அடங்கியது. தூரத்தில் அவளே யாரோடோ நாற்காலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கதவு சாத்துகிற சத்தம். பிறகு வெகு பக்கத்தில், காதுக்குள்ளேயே, ஒரு குரல்.

"சுராயா."

திக்காமல், தெளிவாக. அந்தப் பேரை அவன் வாயால் முழுசாக அவள் கேட்டது அபூர்வம். படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"போனு உள்ள கீது, பார்த்தேன். செவப்புப் புள்ளி எரியுது, ஓடிக்கினு கீது. நீ பார்ட்டிய அனுப்பறதுக்குள்ள சொல்லிடறேன். மூஞ்சியப் பார்த்து சொல்ல எனக்கு வராது. நீ மலீஹா வூட்டுக்குப் போறதில்லன்னு எனக்குத் தெரியும். போன வருஷம் மாமல்லபுரத்துல ஒரு மண்டபத்துக்கு அடுப்பு எறக்கப் போனேன். ஒரு மாடிலேந்து நம்ம கரண்டி சத்தம் கேட்டுச்சி. காம்பு நெளிஞ்சது கீதே, அது. எனக்குத் தெரியாதா அது? கீழ உன் செருப்பு கெடந்துச்சி. ரோட்டுலயே நின்னேன், முடியற வரைக்கும். நல்லா இருந்துச்சின்னு சொல்ல மாட்டேன், ஒண்ணும் புரியல. ஆனா ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்துச்சி, அதுக்கு அங்க யாரும் சிரிக்கல. அது எனக்குப் புடிச்சிச்சி."

பின்னால் அவளுடைய நாற்காலிப் பேரம் மெலிதாகக் கேட்டது.

"அதுலேந்து மாசாமாசம் ஏதாவது வேலைய வெச்சிக்கினு வந்து கீழ நிக்கறேன். இனிமே மலீஹா வூடுன்னு சொல்லாத. போறேன்னு சொல்லு, போதும். எனக்கும் ஒரு நாளு மேல வந்து உக்காரணும்னு கீது. நீ கூப்பிட்டா வரேன். கூ-கூ-கூப்பிடலன்னா, நான் வந்தா உனக்குக் கூச்சமா இருக்கும்னு புரிஞ்சிக்கறேன். அப்பறம் இதப் பத்தி பேச மாட்டேன். அவ்ளோதான். மூடிய அப்பிடியே வெச்சிடறேன்."

சுராயா ஹெட்போனைக் கழற்றக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். கண்டுபிடித்துவிட்டானே என்று அழவில்லை. ஒரு வருஷமாகச் சுமந்த பொய் இறங்கியது நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மனுஷன் ஒரு மாதமாக அவள் வாயைப் பார்த்துக்கொண்டு வளையவந்திருக்கிறான். குடோன் வாசலில் நின்றது அதற்குத்தான். தினமும் காலையில் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தது அதற்குத்தான். வண்டியில் வாயைத் திறந்தவனைக் கயிறு எடுத்தீர்களா என்று கேட்டு அடைத்தாளே, அதுவும் இதுதான். என்னைக் கூட்டிப்போக இவளுக்குக் கூச்சம் என்று அவன் முடிவே கட்டியிருப்பான்.

செருப்பைக்கூட மாட்டாமல் கீழே ஓடினாள். சந்து முனையில் வண்டி இல்லை. மண்டபத்துக்குப் போனாள். "பாத்திரம் ஏத்திக்கினு அப்பவே போயிட்டாரும்மா," என்றார் காவல்காரர். போனைப் போட்டால் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், மணி மட்டும் அடித்தது. செங்கல்பட்டுக்கே திரும்பியிருந்தால்? இன்றைக்கும் கூப்பிடவில்லை என்றுதானே போயிருப்பான்? மெதுவாகத் திரும்பி நடந்தவளுக்கு, மாசாமாசம் கீழ நிக்கறேன் என்று அவன் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

ஜெசிந்தா வீட்டுக்கு எதிரே ஒரு கல் பட்டறை. அதன் பின்பக்கம் புங்க மரத்தடியில், பாத்திரம் ஏற்றிய குட்டி யானை நின்றிருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இத்ரீஸ் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "நீ... மேல..."

"நான் நாலு நொடிதான் கேட்டேன்," என்றாள் சுராயா. மூச்சு வாங்கியது. "மூடிச் சத்தத்த மட்டும் எடுத்துக்கினு மீதிய கேக்காமலே அழிச்சிட்டேன். ஒட்ட வெட்டாம போட்டதால தீனா எடுத்து வெச்சிருந்தான். இப்பதான் கேட்டேன். தோ, இப்ப, படிக்கட்டுல."

"மு-முழுசா?"

"முழுசா."

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். வார்த்தை நின்றது. எப்போதும் அந்த இடத்தில் அவள் முந்திக்கொண்டு அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவாள். இன்றைக்குக் கொடுக்கவில்லை. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அது வருகிறவரை நின்றாள்.

"கே-கே-கேட்டுட்டுதான் சும்மா கீறன்னு நெனச்சேன்," என்றான் இத்ரீஸ். "ஒ-ஒரு மாசமா ஒரே பேஜாரு."

"உங்ககிட்ட எனக்கு இன்னா கூச்சம்? பைத்தியமா உங்களுக்கு?" என்று அவள் அதட்டினாள். அதட்டிக்கொண்டே வண்டிக் கதவைத் திறந்துவிட்டாள். "பொய் சொன்னது நானு. தப்பு என்னுது. மேல வாங்க. கூப்பிடறேன், வாங்க."

அவன் இறங்கி வண்டியைப் பூட்டினான். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். மாடியில் தீனதயாளன் எழுந்து, "வாங்க அண்ணாத்த," என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். ஜெசிந்தா, சுராயா செலவில் வந்த டீயை நீட்டினாள். கடல் காற்றில் ஸ்பீக்கர் துணி அடித்துக்கொண்டிருந்தது. பத்திருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் மோட்டார் வந்தது. த்-த்-த்-த்... தா. இத்ரீஸ் சட்டென்று சுராயாவைப் பார்த்தான்.

"மோட்டாரு. காத்து புடிச்சிக்கினு கீது," என்றாள் அவள் மெதுவாக.

அவன் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டான். "எ-எனக்குத் தெரிஞ்ச ஆளு மாதிரி கீது," என்றான். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது, முக்காட்டை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் திரும்பவில்லை.

பிறகு மோட்டார் மெல்ல அடங்க, மூடி எழுந்தது. டங். ஊம்ம்ம். நாலு நொடி சுற்றி முடிந்ததும் மறுபடி டங். அதற்கு மேல் வேறு எதையும் தீனதயாளன் வைக்கவில்லை, அதைத் தனியாக ஓடவிட்டான். மடிப்புக்குள் அடுத்து என்ன வரும் என்று அந்த மாடியில் தெரிந்தவர்கள் மூன்றே பேர்.

மூடி அடங்குகிற இடத்தில் இத்ரீஸ் அவள் காதுப் பக்கம் குனிந்தான். "ச்... ச்..." நின்றுவிட்டது. அவள் அசையாமல் இருந்தாள். அவனும் பதறவில்லை. தப்பினால் என்ன, இதோ மறுபடி வருகிறதே. டங். ஊம்ம்ம். "ச்... சு..." மூடி முடிந்துவிட்டது. பரவாயில்லை, மறுபடி வரும். வந்தது. அது நீண்டு, இறங்கி, காற்றோடு போகிற இடத்தில் அவன் சொன்னான்.

"சுராயா."

"ம்," என்றாள் அவள்.